சோடியம் எங்கே போனது?

ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரையுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளையும் கலக்கித் துணியில் வடிகட்டினால் இளமஞ்சள் நிறத்தில் உப்புநீர் கிடைக்கும். இரண்டு பென்சில்களை இருபுறமும் சீவி, மேல்முனைகளை இரண்டு கம்பிகளால் ஒரு 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்து, கீழ்முனைகளை ஒன்றையொன்று தொடாமல் நீரில் நிறுத்துங்கள்.

சில நொடிகளிலேயே, பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்த பென்சிலிலிருந்து நுண்குமிழிகள் திரள்திரளாக எழும். அடுத்த நிமிடத்தில் அந்தப் பென்சிலைச் சுற்றி மட்டும் மஞ்சள் நீர் செம்மண் நிறமாகச் சிவக்கும். மற்றப் பென்சிலில் குமிழிகள் குறைவு. அங்கே மஞ்சள் நிறம் மெல்ல வெளுக்கும். நீச்சல்குளத்தில் வீசும் நெடி லேசாக வரும்.

சிவப்பு ஏன் வந்தது என்று நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரத்திக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலக்கும்போது பார்த்திருக்கிறோம். மஞ்சள் காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். ஆக, ஒரு பென்சிலின் அருகே ஏதோ ஒரு காரம் பிறந்திருக்கிறது. இன்னொரு பென்சிலின் அருகே நிறத்தை வெளுக்கும் குளோரின் பிறந்திருக்கிறது.

இப்போது ஒரு மாணவரிடம் கேளுங்கள்: உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ந்தால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் வருகிற பதில் இது: "உப்பு என்பது சோடியம் குளோரைடு. மின்சாரம் அதைப் பிரிக்கும். எதிர்மின்வாயில் சோடியம், நேர்மின்வாயில் குளோரின்." பதிலின் பிற்பாதி சரி. முற்பாதியை டம்ளரே மறுக்கிறது. சோடியம் உலோகம் ஒரு துளிகூட அங்கே படியவில்லை. வந்தது ஹைட்ரஜன் வாயு. உப்பில் இல்லாத ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? உப்பில் இருந்த சோடியம் எங்கே போனது? பள்ளி வேதியியலில் மின்னாற்பகுப்பு என்ற பாடம் முழுவதையும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம்.

டேவி செய்த அதே பிழை

அந்த மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை. சோடியத்தை உலகுக்குக் காட்டிய ஹம்ப்ரி டேவியும் முதலில் இதே வழியில்தான் போனார். இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்டா 1800இல் மின்கல அடுக்கை அறிவித்த சில வாரங்களிலேயே, இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் அதைக் கொண்டு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டார்கள். நீரையே பிரிக்கும் மின்சாரம், எதற்கும் மசியாத பொட்டாஷையும் சோடாவையும் பிரிக்காதா என்று டேவி நினைத்தார். அவற்றை நீரில் செறிவாகக் கரைத்து, தன்னிடம் இருந்த மிகப் பெரிய மின்கல அடுக்கை இணைத்தார். கொந்தளிப்பும் வெப்பமும் மிகுந்தன. கிடைத்ததோ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டும். பிரிந்தது நீர்தான்.

அதன்பின் அவர் நீரை வெளியே தள்ளினார். மின்சாரம் கடக்கும் அளவுக்கு மட்டும் காற்றின் ஈரம் பட்ட திடப் பொட்டாஷ் கட்டியை ஒரு பிளாட்டினத் தட்டில் வைத்து மின்சாரம் செலுத்தினார். கட்டி உருகியது, எதிர்மின்வாய்ப் பக்கத்தில் பாதரசம்போல் பளபளக்கும் சிறு மணிகள் தோன்றின. சில மணிகள் தோன்றிய வேகத்தில் தீப்பற்றி வெடித்தன. பொட்டாசியம்! 1807 அக்டோபரில் நடந்த அந்த நிகழ்ச்சியின்போது டேவி மகிழ்ச்சி தாங்காமல் ஆய்வகத்துக்குள்ளேயே துள்ளித் திரிந்தார் என்று அவருக்கு உதவியாக இருந்த உறவினர் எட்மண்ட் டேவி வழியாக அறிகிறோம். சில நாட்களில் சோடாவிலிருந்து சோடியமும் வந்தது.

டேவிக்கு நீர் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்: கரைசல் என்று எழுதும்போதே நீர் என்றும் எழுதிவிட்டோம். உப்பைக் கரைப்பதோடு நீரின் வேலை முடிவதில்லை. இரண்டு மின்வாய்களிலும் அது தானும் வினையில் இறங்கும்.

பிரித்தது மின்சாரமா?

"மின்சாரம் உப்பைப் பிரிக்கிறது" என்ற தொடரிலேயே ஒரு சிக்கல் உண்டு. மைக்கேல் ஃபாரடே 1834இல் மின்னாற்பகுப்பின் விதிகளை வெளியிட்டபோது, கரைசலில் நகரும் துகளுக்கு அயனி என்று பெயர் வந்தது. 'செல்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. பெயரிட உதவியவர் வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞர். மின்சாரம் பாயும்போதுதான் அயனிகள் உண்டாகின்றன என்றே அன்று எண்ணினார்கள்.

அந்த எண்ணத்தை உடைத்தவர் சுவீடனின் ஸ்வாந்தே அரேனியஸ். உப்பு நீரில் கரைந்த கணத்திலேயே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. பேட்டரி வரும்வரை அது காத்திருப்பதில்லை என்பது அவர் கருத்து. உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1884இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேர்வாளர்கள் மிகக் குறைந்த தரமே கொடுத்தார்கள். அதே சிந்தனை வளர்ந்து முழுமை பெற்று 1903இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

எனவே பேட்டரியை இணைக்கும் முன்பே நம் டம்ளரில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் தனித்தனியாக, நீர் மூலக்கூறுகள் சூழ, அலைந்துகொண்டிருக்கின்றன. பேட்டரி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு பென்சிலுக்கு எலக்ட்ரான்களை ஓயாமல் அனுப்புகிறது. மற்றதிலிருந்து ஓயாமல் உறிஞ்சுகிறது. கரைசலுக்குள் எலக்ட்ரான்கள் நீந்திப் போவதில்லை. அங்கே மின்னோட்டத்தைச் சுமப்பவை அயனிகளே. நேர்மின்சுமை கொண்ட சோடியம் எதிர்மின்வாயை நோக்கியும், எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு நேர்மின்வாயை நோக்கியும் நகர்கின்றன. ஆனால் ஒரு மின்வாயை நோக்கி நகர்வது வேறு, அங்கே வினைபுரிவது வேறு. சோடியம் எதிர்மின்வாய்க்கு வந்து சேர்வது உண்மை. வந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது.

பந்திக்கு முந்துவது யார்?

எதிர்மின்வாயை ஒரு பந்தியாக நினைத்துக்கொள்ளலாம். அங்கே எலக்ட்ரான்கள் பரிமாறப்படுகின்றன. பந்திக்கு வந்திருப்பவர் இருவர்: சோடியம் அயனி, நீர்.

சோடியத்தின் இயல்பைப் பாருங்கள். சோடியம் அணு தன் வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானை எப்போது தள்ளிவிடலாம் என்று காத்திருப்பது. தள்ளிவிட்டு அயனியானதும் அடங்கி அமைதியாகிவிடுகிறது. அதை மீண்டும் எலக்ட்ரானை வாங்க வைப்பது பெரும்பாடு. எவ்வளவு பெரும்பாடு என்பதை வேதியியலாளர்கள் வோல்ட்டில் அளந்து வைத்திருக்கிறார்கள். திட்ட ஒடுக்க மின்னழுத்தம் என்று மேல்நிலை வகுப்பில் படிப்பது அதைத்தான். சோடியத்துக்கு அது மைனஸ் 2.71 வோல்ட். நடுநிலையான நீருக்கோ மைனஸ் 0.41 வோல்ட், நீர் நன்றாகக் காரமானாலும் மைனஸ் 0.83 வோல்ட்தான். எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு தயக்கம் என்று பொருள். பந்திக்கு முந்துவது நீர். இரண்டு நீர் மூலக்கூறுகள் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கி, ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை வெளியேற்றி, இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகளை விட்டுச்செல்கின்றன.

இந்த இடத்தில் இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் எலக்ட்ரானைப் பெறுகின்றன" என்று எழுதுவது பழக்கம். நடுநிலை நீரில் அந்த அயனிகள் எத்தனை தெரியுமா? ஏறத்தாழ 55 கோடி நீர் மூலக்கூறுகளுக்கு ஒன்று. குபுகுபுவென எழும் குமிழிகளுக்கு அந்தச் சொற்ப அயனிகளைக் காரணம் காட்டுவதைவிட, நீர் மூலக்கூறே எலக்ட்ரானை வாங்கி உடைகிறது என்று எழுதுவதே பொருத்தம். அப்படி எழுதினால்தான் ஹைட்ராக்சைடு எங்கிருந்து வந்தது என்பதும் தானாக விளங்கும். மஞ்சளைச் சிவக்க வைத்த காரம் அதுதான்.

சோடியம்? அது எலக்ட்ரானை வாங்காமலே அந்தச் சிவந்த நீருக்குள் நிற்கிறது. உப்பாக வந்தபோது அதற்குத் துணை குளோரைடு. இப்போது துணை ஹைட்ராக்சைடு. எதிர்மின்வாயின் அருகே சேரும் கரைசல் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது சோப்புக் காய்ச்சுகிறவர்கள் அறிந்த காஸ்டிக் சோடா.

அட்டவணை சொன்னதும் நடந்ததும்

நேர்மின்வாயில் கதை இன்னும் சுவையானது. அங்கே பரிமாறுவதில்லை; வசூல்தான். எலக்ட்ரானைக் கொடுப்பது யார் என்பது போட்டி. ஒருபுறம் குளோரைடு அயனி. மறுபுறம் மீண்டும் நீர். நீர் எலக்ட்ரானைக் கொடுத்தால் ஆக்சிஜன் வரும். குளோரைடு கொடுத்தால் குளோரின் வரும்.

அட்டவணையைப் பாருங்கள். குளோரினுக்கு 1.36 வோல்ட். ஆக்சிஜனுக்கு 1.23 வோல்ட், அதுவும் அமிலக் கரைசலில். நடுநிலை நீரில் 0.82 வோல்ட். இந்த எண்களை மட்டும் நம்பினால் நீர்தான் முதலில் கொடுக்க வேண்டும். ஆக்சிஜன்தான் வர வேண்டும். ஆனால் டம்ளரில் குளோரின் நெடி வீசுகிறது. அட்டவணை பொய்யா?

பொய்யில்லை. ஒரு வினை நடக்கக்கூடுமா என்பதை அட்டவணை சொல்லும். எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை அது சொல்லாது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்க இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்து நான்கு எலக்ட்ரான்களைக் கொடுக்க வேண்டும். நான்கு ஹைட்ரஜன்களை உதற வேண்டும். ஆக்சிஜன் அணுக்கள் இரண்டும் புதிதாகப் பிணைய வேண்டும். படிகள் பல; ஒவ்வொரு படியும் மேடு. குளோரினுக்கோ இரண்டு குளோரைடுகள் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து இணைந்தால் போதும். ஆகவே ஆக்சிஜனை வேகமாக வரவைக்க, அட்டவணை சொல்வதைவிடக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. இதற்கு மிகை மின்னழுத்தம் என்று பெயர். நடைமுறையில் குளோரின் முந்துகிறது.

முந்துவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: உப்பு செறிவாக இருக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டிக்குப் பதிலாக ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போட்டால், மின்வாயைத் தொடும் குளோரைடுகள் குறையும். நீரின் பங்கு கூடும். குளோரின் குறைந்து ஆக்சிஜன் ஏறும். கரைசலை மிகவும் நீர்க்கச் செய்தால் கிட்டத்தட்ட நீரை மட்டுமே பகுத்ததாக முடியும்.

ஒரே உப்பு, மூன்று விடைகள். உருக்கிப் பகுத்தால் சோடியமும் குளோரினும். செறிந்த கரைசலில் ஹைட்ரஜனும் குளோரினும். மிக நீர்த்த கரைசலில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். சோடியமே வேண்டும் என்றால் டேவியைப்போல் நீரை விரட்டியாக வேண்டும். இன்றும் ஆலைகளில் அதுதான் வழி. உப்பு 801 பாகை செல்சியஸில் உருகும். கால்சியம் குளோரைடு கலந்து உருகுநிலையை ஏறத்தாழ 600 பாகைக்கு இறக்கி, 1924இல் காப்புரிமை பெற்ற டவுன்ஸ் கலத்தில் சோடியம் எடுக்கிறார்கள்.

மற்ற உப்புகள்

இந்தப் போட்டியைப் புரிந்துகொண்டால் பாடநூலில் வரும் மற்றக் கரைசல்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சோடியம் சல்ஃபேட்டை எடுங்கள். எதிர்மின்வாயில் சோடியத்தை நீர் முந்துகிறது. நேர்மின்வாயில் சல்ஃபேட்டு எலக்ட்ரானைக் கொடுக்க நீரைவிடத் தயங்கும். அங்கேயும் நீரே முந்துகிறது. இரு பக்கமும் நீர்தான் செலவாகிறது. உப்பு மின்சாரத்தைச் சுமந்ததோடு சரி. செம்பருத்திப் பூவை ஊறவைத்த சாறு இந்தச் சோதனைக்கு அருமையான நிறங்காட்டி. ஹைட்ராக்சைடு சேரும் பக்கம் பச்சையாகும். அமிலம் சேரும் பக்கம் அடர்சிவப்பாகும்.

பொட்டாசியம் அயோடைடு என்றால், அயோடைடு குளோரைடைவிட எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கும். நேர்மின்வாயிலிருந்து பழுப்பு நிறம் வழியும். அதில் ஆறிய சோற்றுக் கஞ்சியை ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். வந்தது அயோடின் என்று கஞ்சியில் உள்ள மாவுச்சத்து சாட்சி சொல்கிறது.

காப்பர் சல்ஃபேட்டு, அதாவது மயில்துத்தம், எதிர்மின்வாயில் கதையைத் திருப்பிப் போடுகிறது. தாமிர அயனிக்கு எண் பிளஸ் 0.34. பந்தியில் நீரைத் தாமிரம் முந்திவிடும். பென்சில் முனையில் செந்நிற உலோகம் படியும். நேர்மின்வாய் கிராஃபைட்டாக இருந்தால் ஆக்சிஜன் வரும். அதுவே தாமிரத் தகடாக இருந்தால், நீருக்கும் முன்பாகத் தகடே எலக்ட்ரான்களைக் கொடுத்துக் கரையத் தொடங்கும். ஒரு தகடு கரைகிறது, மறு தகடு வளர்கிறது, கரைசலின் நீலம் மங்குவதே இல்லை. மின்கம்பிகளுக்கான தூய தாமிரம் இப்படித்தான் கிடைக்கிறது.

அளவு என்ன? ஃபாரடேயின் விதி துல்லியமாகச் சொல்லும். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்சுமை 96,485 கூலும். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 3,600 கூலும். அது 1.19 கிராம் தாமிரத்தைப் படிய வைக்கும். நம் உப்புக் கரைசலில் அதே மின்சாரம், பக்கவினைகள் இல்லையென்றால், 1.49 கிராம் காஸ்டிக் சோடாவையும் 1.32 கிராம் குளோரினையும் தரும். எண்ண முடியாத எலக்ட்ரான்களைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் வழியை ஃபாரடே கண்டுபிடித்துக் கொடுத்தார்.

டம்ளரிலிருந்து ஆலைக்கு

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் பயணம் செய்தவர்கள் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். அங்கே விளையும் உப்பில் ஒரு பகுதி சமையலறைக்கு வருவதில்லை. ஆறுமுகநேரிக்கு அருகே சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலை இருக்கிறது. அணை 1934இல் கட்டிமுடிந்து நீர்மின்சாரம் வந்த மேட்டூரிலும் பின்னர் காஸ்டிக் சோடா ஆலை எழுந்தது. ஈழத்தில் ஆனையிறவு உப்பை நம்பிப் பரந்தனில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை காஸ்டிக் சோடாவும் குளோரினும் தந்தது; போர் அதை நிறுத்திவிட்டது. மூன்று இடங்களிலும் நடந்த அடிப்படை வினை நம் டம்ளரில் நடந்ததே.

ஆனால் டம்ளரில் ஒரு குறை உண்டு. கரைசலைக் கலக்கினால், ஒரு பக்கம் பிறந்த குளோரினும் மறுபக்கம் பிறந்த காரமும் சேர்ந்து சோடியம் ஹைப்போகுளோரைட்டாகும். துணி வெளுக்கும் திரவம் அது. அதுவே வேண்டும் என்றால் நல்லதுதான். குடிநீரைத் தூய்மையாக்க உப்பிலிருந்து அங்கேயே ஹைப்போகுளோரைட்டு செய்துகொள்ளும் கருவிகள் உண்டு. கரைசலைச் சூடாக வைத்துப் பகுத்தால் குளோரேட்டு வரை போகும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசித் தீக்குச்சிகளின் தலையில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட்டின் பூர்வீகம் அதுவே. காஸ்டிக் சோடாவும் குளோரினும் தனித்தனியே வேண்டும் என்றால் இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காஸ்ட்னரும் கெல்னரும் 1892இல் தனித்தனியாகக் கண்ட வழி வியப்பானது. எதிர்மின்வாயாகப் பாதரசத்தை வைத்தார்கள். பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் பிறப்பது மிகவும் கடினம். மிகை மின்னழுத்தம் அங்கே நீரைத் தடுக்கிறது. சோடியமோ பாதரசத்தில் கரைந்து இரசக்கலவையாகிவிடும். அதனால் அது பிறப்பது எளிதாகிறது. நீர் நிறைந்த கரைசலிலிருந்தே சோடியம் வந்துவிட்டது! இரசக்கலவை வேறொரு தொட்டிக்கு ஓடி, அங்கே நீரைச் சந்தித்துக் காஸ்டிக் சோடாவையும் ஹைட்ரஜனையும் தந்தது. உப்பும் குளோரினும் கலக்காத தூய காஸ்டிக்.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. பாதரசம் ஆவியாகவும் கழிவாகவும் கசிந்து மண்ணிலும் நீரிலும் சேர்ந்தது. மீன்வழி மனிதரைச் சேரும் பாதரசம் என்ன செய்யும் என்பதை, வேறுவகை ஆலையின் கழிவால் ஜப்பானின் மினமாட்டா மக்கள் பட்ட துயரம் உலகுக்குக் காட்டியிருக்கிறது. அந்த ஊரின் பெயரால் 2013இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை, பாதரசக் கலங்களைக் கைவிட 2025 என்று கெடு வைத்தது.

இன்றைய ஆலைகளில் இரு அறைகளுக்கு நடுவே நிற்பது ஃப்ளூரின் கலந்த ஒரு பாலிமர் சவ்வு. அதன் உடலெங்கும் எதிர்மின்சுமை. சோடியம் அயனியை விடும். குளோரைடையும் ஹைட்ராக்சைடையும் தடுக்கும். உப்பளத்து உப்போடு வரும் கால்சியமும் மக்னீசியமும் சவ்வை அடைத்துவிடும் என்பதால், உப்புநீரை முதலில் கடுமையாகத் தூய்மைப்படுத்துகிறார்கள். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 யூனிட் மின்சாரம் செலவாகிறது. சோப்பு, காகிதம், அலுமினியம், குழாய்த் தண்ணீர், பி.வி.சி. குழாய் என்று நாம் தொடும் பலவற்றின் பின்னே இந்த வினை இருக்கிறது.

செய்து பாருங்கள், கவனமாக

இந்தச் சோதனையை ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் கையாலேயே செய்ய வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கரும்பலகையில் பத்து முறை எழுதினாலும் பதியாதது, மஞ்சள் சிவக்கும் ஒரு நிமிடத்தில் பதிந்துவிடும். ஒரே ஒரு பென்சில் செல்லை இணைத்தும் பார்க்கச் சொல்லலாம். 1.5 வோல்ட்டில் குமிழிகள் திரள்வதில்லை. இந்த வினையைத் தொடங்கவே ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும். இரண்டு செல்களைத் தொடராக இணைத்ததும் குமிழிகள் எழும். அட்டவணை எண்கள் அப்போது உயிர் பெறும்.

சில எச்சரிக்கைகள். வீட்டு மின்இணைப்பை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. குளோரின் நச்சுவாயு, சன்னல்களைத் திறந்துவைத்து, சில நிமிடங்களோடு நிறுத்த வேண்டும், முகர்ந்து பார்க்க முகத்தை அருகே கொண்டுபோகக் கூடாது. நேர்மின்வாயாகத் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியை வைக்காதீர்கள். எஃகில் உள்ள குரோமியம் கரைந்து நச்சாகும். ஆசிரியரோ பெரியவர்களோ உடன் இருக்க வேண்டும்.

தேர்வில் எந்த உப்பைக் கேட்டாலும் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உருகியதா, கரைசலா? கரைசல் என்றால் செறிந்ததா, நீர்த்ததா? மின்வாய் எதனால் ஆனது? அதன்பின் இரண்டு மின்வாய்களிலும் போட்டியிடுபவர்களின் பெயர்களை எழுதும்போது, நீரின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள்.

அந்த டம்ளரைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். சோடியம் எங்கேயும் போகவில்லை. பேட்டரியை இணைக்கும் முன் எத்தனை சோடியம் அயனிகள் இருந்தனவோ, அத்தனையும் இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. குளோரைடில் சிறிது குளோரினாய்ப் போயிருக்கிறது. நீரில் சிறிது ஹைட்ரஜனாய்ப் பறந்திருக்கிறது. ஓர் எலக்ட்ரானைக்கூட வாங்காத சோடியம், சிவந்த மஞ்சள் நீருக்குள் புதிய துணையோடு அமைதியாக நிற்கிறது.